கையை ஆளும் தோள்

கழுத்துத் தண்டுவடம் சிதைந்தவருக்கு விரல்கள் அசைவதில்லை. எனினும் தசைகள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. மூளையின் ஆணை அவற்றை எட்டாததே குறை. தசைக்குச் செல்லும் நரம்பு நலமாயிருப்பின், அவ்வாணையின் இடத்தில் மெல்லிய மின்துடிப்பு நின்று வேலை செய்யும். 1986இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அத்தகைய ஒருவருடைய மார்புத் தோலுக்கடியில் சிறு கருவியைப் பதித்து, மின்கம்பிகளைக் கைத்தசைகளுடன் இணைத்தனர். மறுபக்கத் தோளை முன்னும் பின்னும் அசைத்தால் விரல்கள் மூடித் திறக்கும். கரண்டியும் பேனாவும் பிடிக்கலாம். சுண்ணக்கட்டி பிடித்தே வாழ்நாளைக் கழித்த நான் இதன் அருமையை நன்கறிவேன்.

1997இல் அந்நாட்டு அரசு இதற்கு ஒப்புதல் வழங்கியது. 2001இலோ விற்பனை நின்றது. கருவி தோற்றதனால் அன்று. வாங்குவோர் தொகை சிறிதாம்! தோலுக்குள் அதைச் சுமந்தவர்கள் பழுதுபார்ப்பாரைத் தேடி எங்கே செல்வார்கள்?