கண் மங்கல், தோடு துல்லியம்



எங்களில் பலருடைய வீட்டில் ஊர் அல்பம் இல்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எங்கள் வீட்டு அல்பமும் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டது. அதனால் அம்மம்மாவின் 90ஆவது பிறந்தநாளுக்கு நல்ல படம் ஒன்று எடுக்கவேண்டும் என்று நினைத்தேன். கமரா நிறுவனத்தின் சொந்த லென்ஸ் விலை கூட. அதே கமராவுக்குப் பொருந்தும்படி வேறொரு நிறுவனம் செய்த 50 மில்லிமீற்றர், எஃப் 1.4 லென்ஸை வாங்கினேன்.

அன்றிரவு கணினியில் பெருப்பித்துப் பார்த்தால் அம்மம்மாவின் கண் மங்கல். காதுத் தோட்டின் கல்லோ எண்ணலாம் போல இருந்தது! மலிவுச் சாமான் ஏமாற்றிவிட்டது என்று திட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

படத்தில் எங்கேயாவது ஓரிடம் துல்லியமாக இருந்தால் லென்ஸின் கண்ணாடியில் பெரிய குறை இல்லை. ஃபோகஸ்தான் இடம் மாறி விழுந்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கும். எங்குமே துல்லியம் இல்லையென்றால் முன்னால் பூட்டிய மலிவான பில்ரரைக் கழற்றிவிட்டு மறுபடி எடுங்கள். படத்தின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கலா? உள்ளே ஒரு வில்லை சரிந்திருக்கலாம். அதோடு மல்லுக்கட்டாமல் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கமராவில், கண்ணை வைத்துப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸை அளப்பது ஒரு சென்சர், படத்தைப் பதிவது இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் சிறு வித்தியாசம் இருந்தாலும் ஃபோகஸ் முன்னுக்கோ பின்னுக்கோ போகும். சொந்த லென்ஸிலும் இது வரும். ஆனால் கமரா பேசும் பாஷையை வெளி நிறுவனங்கள் பெரும்பாலும் தாங்களே ஆராய்ந்து பிடிப்பதால் அவற்றில் சந்தேகம் கூட. எஃப் 1.4இல் ஒரு மீற்றர் தூரத்தில் துல்லியமாக விழும் ஆழம் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர்தான். கண்ணுக்கும் காதுக்கும் இடைவெளி அதைவிடக் கூட.

சோதிப்பது சுலபம். கமராவை முக்காலியில் பூட்டி, லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்துங்கள். மேசையில் ஒரு மாப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் அடிமட்டம் ஒன்றைச் சரிவாக வையுங்கள். பெட்டியின் எழுத்தில் ஃபோகஸ் செய்து கண்வழியாகப் பார்த்து ஒரு படம், பின்திரையில் லைவ் வியூ வழியாக இன்னொரு படம். லைவ் வியூவில் மட்டும் எழுத்து துல்லியம் என்றால் லென்ஸ் நல்லது, கணக்குத்தான் பிழை. ஒரு தடவை எடுத்து முடிவு கட்டாதீர்கள், ஐந்தாறு தரம் எடுங்கள்.

சில கமராக்களின் மெனுவிலேயே இதைத் திருத்தலாம். சிக்மா, ரம்ரோன் நிறுவனங்களின் சில லென்ஸ்களைக் கணினியோடு இணைத்துத் திருத்தத் தனிக் கருவியும் உண்டு. இரண்டும் முடியாவிட்டால் கமராவையும் லென்ஸையும் சேர்த்தே திருத்துமிடத்துக்கு அனுப்புங்கள். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்கள் படம் பதியும் சென்சரிலேயே ஃபோகஸ் செய்வதால் அவற்றில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

என் கமராவில் மெனுவில் திருத்தியதும் சரியாகிவிட்டது. ஆனாலும் எஃப் 2.8க்குக் குறைத்துத்தான் மறுபடி எடுத்தேன். அதே சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்து, "இன்னும் எத்தனை தரம் பிறந்தநாள் கொண்டாடப் போறாய்?" என்று அம்மம்மா கேட்டா.

ஒன்று மறந்துவிடாதீர்கள்: கடைகள் பொருளைத் திருப்பி எடுக்கத் தரும் தவணை குறுகியது. லென்ஸ் வாங்கிய கிழமையே மாப் பெட்டிச் சோதனையைச் செய்யுங்கள், விழா முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.