தொண்டைக்கும் வரும் பக்கவாதம்

(கூலிம் ஹைடெக் பூங்காவை அடுத்த தோட்டமொன்றில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஒரு கிராணி ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிச் செயலாளர் பேசுவார். நான் ஒரு மிடறு தண்ணீரைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். நான் வைத்தியன் அல்லன்; செக்ரோல் எழுதும் கிராணி. ஆனால் என் பெரியப்பா விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்வது என் கடமை.

பெரியப்பா முப்பது வருஷம் மரம் வெட்டியவர். ஒருநாள் விடியற்காலை பெரட்டுக்குப் புறப்படும்போது வாய் கோணி, வலக்கை தொங்கி விழுந்தார். நாங்கள் என்ன செய்தோம்? தலையைத் தூக்கிப் பிடித்துத் தேத்தண்ணியை வாயில் ஊற்றினோம். அன்பினால்தான் ஊற்றினோம். ஆனால் அது நுரையீரலுக்குப் போயிற்று. மூன்றாம் நாள் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தன. கை விழுந்ததைவிட அந்த நிமோனியாதான் அவரைச் சாவின் வாசல் வரை இழுத்துச் சென்றது.

தோழர்களே! வெட்டுக் கோட்டில் இறங்கும் பால் தகரத்தின் வழியே மங்கில் விழவேண்டும். தகரம் சாய்ந்தால் மண்ணில் வழியும். தொண்டையும் அப்படித்தான். நாம் விழுங்கும் வேளையில் குரல்வளை மேலே எழுந்து மூச்சுக்குழாயை மூடுகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் நாட்களில் இந்த வேலை தடுமாறுகிறது. சிலருக்கு இருமல்கூட வராது. சத்தமில்லாமலே உள்ளே இறங்கிவிடும்.

ஆகவே முதற்பாடம்: வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரந்தான் கெடு. விழுங்கும் சக்தியைச் சோதிக்கும்வரை தண்ணீரோ, மாத்திரையோ, கஷாயமோ வாயில் போடாதீர்கள்.

இரண்டாவது பாடம் நம்பிக்கை தருவது. பலருக்கு இரண்டு வாரத்திலேயே விழுங்கும் சக்தி திரும்பிவிடுகிறது. மற்றவர்களுக்குப் பயிற்சி உண்டு. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி நிபுணர் என்று இருப்பவர் பேச்சுக்கு மட்டுமல்ல, தொண்டைக்கும் வாத்தியார். தேவைப்பட்டால் எக்ஸ்ரே படத்தின் மூலம் உணவு எங்கே தவறுகிறதென்று பார்ப்பார்கள். அதுவரை மூக்கு வழியாகக் குழாய் போட்டால் பயப்படாதீர்கள்; பட்டினி கிடந்தால் பயிற்சி செய்யவும் தெம்பிராது.

வெறும் தண்ணீர்தான் மிக ஆபத்தானது என்று அறிந்து நான் அதிசயித்தேன். அது வேகமாக ஓடிவிடும். தளர்ந்த தொண்டை அதைப் பிடித்து நிறுத்தாது. ஆகையால் கெட்டியாக்கும் மாவைக் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். பருக்கை வேறு தண்ணீர் வேறாக நிற்கும் கஞ்சியும் ஆகாது. ஒரே பதமாகக் கடைந்து கொடுக்கவேண்டும். ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால் கொடுத்து, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்ததைக் கொடுக்கவேண்டும். சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்கவிடாதீர்கள். பல்லையும் நாக்கையும் தினமும் சுத்தம் செய்யுங்கள். வாயிலுள்ள கிருமியே நுரையீரலுக்குப் போகிறது.

சிலருக்கு மோவாயைத் தாழ்த்தி விழுங்குவதும், சிலருக்குத் தளர்ந்த பக்கம் முகத்தைத் திருப்பி விழுங்குவதும் உதவும். இன்னொரு பயிற்சி: மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் உயர்த்திக் கால்விரலைப் பார்ப்பது. ஒரு நிமிஷம் வீதம் மூன்று தரம். பிறகு முப்பது தரம் தூக்கி இறக்குவது. தினம் மூன்று வேளை, ஆறு வாரம். எது யாருக்கு என்பதை நிபுணர்தான் சொல்லவேண்டும். கழுத்து நோயும் இருதய நோயும் உள்ளவர்கள் கேளாமல் செய்யக்கூடாது.

1996-ல் இந்தப் பூங்கா திறந்தது. மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போனால், நோயாளிக்குக் கரண்டி பிடிப்பது பேரப்பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்கும் இவற்றைச் சொல்லிக்கொடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: விழுங்குவதைச் சோதித்தீர்களா? உணவு எந்தப் பதத்தில் இருக்கவேண்டும்? அடுத்த பயிற்சி எந்தத் தேதியில்?

வேலை செய்ய முடியாமற் போனவர்கள் சொக்சோவை மறக்காதீர்கள். 1969-ம் வருஷச் சட்டப்படி, நோய் வேலையால் வந்ததாக இல்லாவிட்டாலும், சந்தாவும் வயது நிபந்தனையும் பொருந்தினால் செயலிழப்பு ஓய்வூதியம் கேட்கலாம். பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள்; நான் எழுதித் தருகிறேன்.

பெரியப்பாவுக்கு ஐந்து மாதம் பிடித்தது. இன்று அவர் இடக்கையால் சோறு பிசைந்து தானே உண்கிறார். தேத்தண்ணியை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, மிடறு மிடறாகக் குடிக்கிறார். அந்தப் பொறுமையை நாங்கள் முதல் நாளே கற்றிருக்கவேண்டும்.