பிரயாண உத்தியோகமும் இல்லத்தின் இசைவும்

(அன்புவழிபுரத்தில் நடைபெற்ற மன்ற ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளைஞருக்குப் பயன்படக்கூடிய பொருள் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று மன்றச் செயலாளர் எம்மைக் கேட்டபோது, பொருளைத் தேடி யாம் தூரம் போகவேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்திய வாரந்தான் இம்மன்றத்துத் தம்பி ஒருவர் நியமனக் கடிதத்துடன் எமது வீட்டுக்கு வந்திருந்தார். கொழும்பிலுள்ள ஒரு கொம்பனி அவரை விற்பனைப் பிரதிநிதியாக எடுத்திருக்கிறது. இப்பொழுது வாங்கும் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் மாதத்தில் பதினெட்டு நாள் வெளியூர். ஆண்டில் சில தடவை வெளிநாடு. தம்பியின் முகத்திலே மகிழ்ச்சி. உடன் வந்த தாயாரோ ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போது மாத்திரம், "இவன் போகலாமோ, ஐயா?" என்று கேட்டார். அன்று எம்மால் விடை கூற முடியவில்லை. இன்று இச்சபையிலே கூற முயல்கின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். ஊர்விட்டு ஊர் சென்று பொருள் தேடுவது இழிவான காரியமன்று. நம்முடைய திருகோணமலைத் துறைமுகம் உலகத்தின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. ஒரு காலத்தில் வேலை நம்மைத் தேடிக் கடல்வழியே வந்தது. 1957ஆம் ஆண்டு பிரித்தானியர் தமது கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றபோது, அத்தளத்தை நம்பியிருந்த பலர் வேறு பிழைப்பைத் தேட நேர்ந்தது. பின்னர் சீனக்குடாப் பக்கத்தில் மா ஆலையும் சீமெந்து ஆலையும் எழுந்தன. எனினும், படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் வீட்டு வாசலிலே வேலை கிடைக்கும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? ஆகவே, "போகாதே" என்று சொல்வது எளிது. சொன்னவர் சோறு போடுவாரா என்பதே கேள்வி.

பிரயாண உத்தியோகத்தில் நன்மைகளும் உண்டு. நாலு ஊர் மனிதரோடு பழகுகிறான். சிங்களமும் ஆங்கிலமும் நாவிலே படிகின்றன. சரக்கின் விலை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்ணால் காண்கிறான். பிற்காலத்தில் சொந்தத் தொழில் தொடங்குவதற்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. யாமும் 26 ஆண்டுகள் இத்தொழிலைச் செய்தே பிள்ளைகளைப் படிப்பித்தோம். அத்தொழிலுக்கு நன்றி கெட்டவராய்ப் பேசமாட்டோம்.

ஆனால் நம் முன்னோர் இக்காரியத்தை எவ்வாறு செய்தார்கள் என்பதைச் சற்று நோக்க வேண்டும். தமிழ் இலக்கணத்திலே பொருள்வயிற் பிரிவு என்று ஒரு துறையே உண்டு. திருக்குறளிலே 116ஆம் அதிகாரம் பிரிவாற்றாமை. போகிறவனைப் பற்றி மாத்திரம் பாடாமல், வீட்டில் இருப்பவளின் நெஞ்சையும் பாட வேண்டும் என்று நமது புலவர்கள் கருதினார்கள் அன்றோ? பிரிவு என்பது ஒருவர் செய்து இருவர் அனுபவிக்கும் செயல் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

செயலிலே காட்டியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும், நமது கொழும்புச் செட்டியார் தெருவுக்கும் அவர்கள் போய் வந்தார்கள். பர்மாவில் அமைந்த வங்கியியல் விசாரணைக் குழு 1930ஆம் ஆண்டு அறிக்கையில், அந்நாட்டில் அவர்கள் ஈடுபடுத்தியிருந்த முதல் 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய தொழிலை நடத்த அவர்கள் கைக்கொண்ட முறை என்ன? கடைக்கு அனுப்பப்படும் முகவருக்குத் தவணை உண்டு. பெரும்பாலும் மூன்று ஆண்டு. போகுமுன் சம்பளம் இவ்வளவு என்று எழுத்திலே முடிவாகும். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்பி, வீட்டாரோடு சில காலம் இருந்து, பிறகுதான் அடுத்த தவணை. இளம்பிள்ளை முதலில் பெட்டியடியில் இருந்து பழகி, பின்பு அடுத்தாளாகி, அதன்பின்பே பொறுப்பை ஏற்பான்.

இம்முறையில் துன்பம் இல்லை என்று யாம் கூறவில்லை. மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். மூன்று ஆண்டு என்பது ஒரு குழந்தை பிறந்து, நடந்து, பேசத் தொடங்கும் காலம். அந்தப் பெரிய வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களுக்குப் பெண்கள் கொடுத்த விலையை எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை. ஆயினும் அவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: இவர் எப்போது திரும்புவார் என்பது.

இன்றைய பிரயாண உத்தியோகத்தில் இல்லாதது அதுதான், இளைஞர்காள்! திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை வருகிறோம். ஆகவே பிரிவு சிறிது என்று எண்ணுகிறோம். ஆனால் அதற்கு முடிவு இல்லை. கப்பல் மாலுமிக்குக்கூட இன்று ஒரு வரையறை உண்டு. 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி, ஒரு மாலுமி தொடர்ந்து கப்பலில் பணிபுரியும் காலம் 12 மாதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதன்பின் அவரைச் செலவின்றி ஊருக்கு அனுப்ப வேண்டும். 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் அந்த வரையறையும் காக்கப்படாமல், சுமார் 4 இலட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே தங்க நேர்ந்தபோது உலகமே அதைப் பேசியது. விற்பனைப் பிரதிநிதிக்கு இப்படியொரு வரையறையை யார் எழுதிக் கொடுக்கிறார்கள்? அதை அவரும் அவர் வீட்டாருமே எழுதிக்கொள்ள வேண்டும்.

இதை யாம் எவ்வாறு அறிந்தோம் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனினும் சொல்கின்றோம்.

படிப்பணம் கேட்பதற்காகப் போன இடம், தங்கிய இடம், விற்ற தொகை எல்லாவற்றையும் நாள்தோறும் ஒரு கொப்பியில் எழுதும் வழக்கம் எமக்கு உண்டு. ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் பழைய பெட்டியைத் துப்புரவு செய்தபோது, எமது கொப்பிகளோடு வீட்டுக்காரியின் செலவுக் கொப்பியும் கிடந்தது. அரிசி, மண்ணெண்ணெய், பால் என்று எழுதியிருந்த பக்கத்தின் ஓரத்திலே, "மாமாவை ஆஸ்பத்திரியில் விட்டது" என்று ஒரு வரி. ஒன்பது நாளுக்குப் பிறகு, "மாமாவைக் கூட்டி வந்தது." மாமா என்றது எமது தகப்பனாரை. அதே ஒன்பது நாளுக்கு எமது கொப்பியைப் புரட்டினோம். காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை. "விற்பனை நன்று" என்று எமது கையால் எழுதியிருந்தோம்.

"ஏன் அப்போது சொல்லவில்லை?" என்று கேட்டோம். "சின்ன விஷயத்துக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யாம் இட்ட கட்டளையை ஞாபகப்படுத்தினார், அவ்வளவே. எது சின்ன விஷயம் என்பதை வீட்டில் இல்லாத ஒருவர் தீர்மானித்திருக்கிறார். வீட்டில் இருந்தவர் அதைச் சுமந்திருக்கிறார். குற்றம் தொழிலில் இல்லை. கேளாமல் தீர்மானித்த எம்மிடமே இருந்தது.

ஆகவே, நியமனக் கடிதத்தில் ஒப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, மாதத்தில் எத்தனை இரவு? கடிதத்தில் "அடிக்கடி" என்றிருந்தால் ஏற்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். 2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, மாதத்தில் 14 இரவோ அதற்கு மேலோ தொழிலுக்காக வெளியில் தங்குவோரிடம், 6 இரவுக்கு மேற்படாதவர்களைக் காட்டிலும் தூக்கக் குறைவும், புகைத்தலும், மதுவுக்கு அடிமையாதலும், மனச்சோர்வும் மிகுந்திருந்ததைக் காட்டியது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தில் அசையாமல் இருந்தால் காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என உலகச் சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு அறிவித்தது. இங்கிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இடையில் இறங்கி நடவுங்கள். கடைச் சாப்பாட்டிலும் நிதானம் கொள்ளுங்கள்.

இரண்டாவது, எத்தனை ஆண்டு? நகரத்தாரைப் போல ஒரு தவணையை நீங்களே வையுங்கள். தவணை முடிவில் கையில் என்ன மிஞ்சியிருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஒன்றை மறவாதீர்கள்: படிப்பணம் சம்பளமன்று. அதை நம்பி வீட்டுக் கடனோ வாகனக் கடனோ எடுத்தவர், பிரயாணத்தை விட நினைத்தாலும் விட முடியாதவர் ஆகிவிடுவார்.

மூன்றாவது, வீட்டில் யார் யார் இசைந்தார்கள்? அறிவிப்பது வேறு, கேட்பது வேறு. தாயைக் கேளுங்கள், மணமானவர் துணையைக் கேளுங்கள். இரவு நேரத்தில் வீட்டில் ஒருவருக்கு வருத்தம் என்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதைப் போகுமுன்பே பேசி வையுங்கள். இப்போது கைத்தொலைபேசி உண்டே என்பீர்கள். தொலைபேசி குரலைக் கொண்டுவரும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லும் கையைக் கொண்டுவராது.

பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று நமது பெண்பிள்ளைகளும் இத்தகைய உத்தியோகங்களுக்குத் தெரிவாகிறார்கள். ஆணைப் பார்த்து, "எப்போது போகிறீர்?" என்றும், பெண்ணைப் பார்த்து, "போகத்தான் வேண்டுமோ?" என்றும் கேட்பது நியாயமா? மூன்று கேள்விகளும் இருபாலாருக்கும் ஒன்றே.

மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வெளியூரில் தொழில் செய்யும் அங்கத்தவரின் வீடுகளை ஒரு பட்டியலாக எழுதுங்கள். வாரத்தில் ஒரு மாலை இரண்டு இளைஞர் அவ்வீடுகளுக்குப் போய், "மருந்து வாங்க வேண்டுமா, அம்மா? விண்ணப்பம் ஏதாவது நிரப்ப வேண்டுமா?" என்று கேட்கட்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. நமது ஊருக்கு அன்புவழிபுரம் என்று பெயர். பெயருக்கேற்ப நடக்க இதைவிட எளிய வழி எமக்குத் தெரியவில்லை.

இனி அந்தத் தாயாருக்கு விடை. அவரும் இச்சபையில் இருக்கின்றார். அம்மா, உங்கள் மகன் போகலாம். ஆனால் மூன்று ஆண்டுத் தவணை வைத்துப் போகட்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் நீங்களும் அவரும் ஒன்றாக இருந்து கணக்குப் பார்க்க வேண்டும். அவருடைய கொப்பியை மாத்திரமல்ல, உங்களுடையதையும் விரித்து வைத்து. தம்பி, உமக்கும் ஒரு சொல்: "சின்ன விஷயத்துக்கு அறிவிக்க வேண்டாம்" என்று மாத்திரம் வீட்டில் சொல்லிவிட்டுப் போகாதீர்.