கையாற் செய்யும் வைத்தியம்

நோய் தீர்க்குந் தொழிலுக்கு நான்கு உறுப்புக்கள் உண்டென வகுத்த வள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைத்தார். தீர்ப்பவனும் மருந்தும் துணைநிற்பவனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். இவ்வரிசை பிறழாமல் ஒரு சிறிய வைத்திய நிலையத்தை நடத்துவது சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது. மருந்தும் கத்தியுமின்றிக் கையையே கருவியாகக் கொண்ட ஒரு வைத்தியமுறையின் வரலாறு இதனை நன்கு விளக்கும். கைரோபிராக்டிக் என்பது அதன் பெயர். கை, செயல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து அப்பெயர் ஆயிற்று.

ஐக்கிய அமெரிக்காவில், அயோவா மாநிலத்து டவென்போர்ட் நகரில், 1895ஆம் ஆண்டில் இம்முறை தோன்றிற்று. டானியல் டேவிட் பால்மர் என்பவர், தமது நிலையம் இருந்த கட்டடத்தில் வேலைசெய்த ஹார்வி லில்லார்ட் என்னும் செவிப்புலன் குன்றிய தொழிலாளியின் முள்ளந்தண்டைக் கையால் அழுத்தினார் என்றும், அதனால் அவருக்குச் செவிப்புலன் மீண்டது என்றும் கூறுவர். செவி நரம்போ மண்டையோட்டின் உள்ளேயே மூளையைச் சென்றடைவது. முள்ளந்தண்டின் வழியாகச் செல்வதன்று. ஆதலின் இச்செய்தியைப் பலர் ஐயுற்றதில் வியப்பில்லை. பால்மர் இவ்வளவில் அமையவில்லை. நோய்களுள் நூற்றுக்கு 95 பங்கு, இடம்பெயர்ந்த முள்ளென்புகளால் விளைவன என்று 1910இல் எழுதினார். ஒரு நல்ல கருவி கைக்கு வந்ததும், உலகிலுள்ள நோயெல்லாம் அதற்கே உரியது என எண்ணுவது மனித இயல்பு போலும்!

இம்முறையைக் கையாண்டோர் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். உத்தரவுப் பத்திரமின்றி வைத்தியஞ் செய்தார் எனப் பால்மரே 1906இற் சிறை சென்றார். கான்சாஸ் மாநிலம் 1913இல் இத்தொழிலுக்குச் சட்டம் இயற்றியது. கடைசி மாநிலமாகிய லூசியானா 1974இலேயே இணங்கியது. அமெரிக்க வைத்தியச் சங்கம் தன் அங்கத்தவர்கள் இவர்களோடு தொழில்முறையிற் கூடுதலையே ஒழுக்கக்கேடாகக் கருதியிருந்தது. கைரோபிராக்டிக் வைத்தியர் சிலர் 1976இல் தொடுத்த வழக்கில், அப்பகிஷ்காரம் சட்டத்துக்கு மாறானது என 1987இல் தீர்ப்பாயிற்று. ஆயினும், வழக்கில் வென்றமையால் ஒரு வைத்தியம் மெய்யாகிவிடாது. சட்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளே வருபவனுடைய நம்பிக்கையை வைத்தியனே நாள்தோறும் ஈட்டுதல் வேண்டும்.

இன்று இம்முறைக்குத் தக்க சான்று பெரும்பாலும் நாரிநோவைப் பற்றியதே. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், புதிதாய் வந்த நாரிநோவுக்கு ஒத்தடம், உடம்பு பிடித்தல் முதலியவற்றோடு முள்ளந்தண்டைக் கையால் இயக்குதலும் இடம்பெற்றது. அதே வழிகாட்டி மற்றோர் உண்மையையும் கூறுகின்றது: எம்மருத்துவஞ் செய்யினும், செய்யாதொழியினும், இத்தகைய நோவு பெரும்பாலும் நாளடைவில் தணியும். இந்த இரண்டாவது செய்தியை நோயாளியிடம் சொல்லத் துணிபவனே நேர்மையான வைத்தியன்.

அவன் நிலையத்தில் ஓர் அறையும், ஒரு நீண்ட மேசையும், உதவிக்கு ஒருவருமே இருக்கலாம். நாரி பிடித்து நிமிர முடியாமல் ஒருவர் வருகின்றார். வைத்தியனுடைய கைக்கு முன்னர் அவன் செவி தொழிற்பட வேண்டும். என்ன வேலை செய்பவர்? எப்பொழுது நோகின்றது? இரவில் உறக்கம் உண்டா? உள்ளூர அஞ்சுவது யாது? இக்கேள்விகள் வெறும் உபசாரமல்ல. சிறுநீரும் மலமும் கட்டுக்கடங்காமற் போதல், தொடைகளின் உட்புறம் மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல் என்பன தோன்றின், முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புகள் நெருக்குண்டிருக்கலாம். அந்நோயாளியை அன்றே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும். காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், முன்பு வந்த புற்றுநோய், முதுமையில் விழுந்த விழுக்காடு ஆகியவையும் கையைத் தடுத்து நிறுத்தும் அறிகுறிகளே. கழுத்தைத் திருப்புமுன் பின்னும் எச்சரிக்கை வேண்டும். கழுத்து நாடியின் உட்சுவர் கிழிந்து மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுதல் அரிதாயினும் கொடிது. இந்த அபாயத்தை நோயாளிக்கு விளக்கி, அவர் இசைவு பெறாமல் அவர் கழுத்திற் கைவைத்தல் முறையன்று.

மூட்டை இயக்கும்பொழுது எழும் ஒலியைக் கேட்டு, விலகிய என்பு தன் இடத்திற் பொருந்திவிட்டது என நோயாளி மகிழ்வதுண்டு. அது மூட்டிலுள்ள நீரில் வாயுக்குமிழ் உண்டாவதால் எழுவது. ஒலி எழாமையால் வைத்தியம் தவறியதென்றும் ஆகாது. இதனை எடுத்துரைக்கும் வைத்தியன் தன் கைக்குள்ள மாயத்தைச் சற்றே இழக்கின்றான். ஆயின் நோயாளி தன் உடம்பைப் பற்றிய அச்சத்தை இழக்கின்றான். இது நல்ல பண்டமாற்றே.

இனி, நேயர்கள் சிந்திக்கவேண்டியது பணத்தைப் பற்றியது. சிறு நிலையத்துக்கும் வாடகை உண்டு. உதவியாளருக்குச் சம்பளம் உண்டு. நோயாளி திரும்பத் திரும்ப வந்தால் வருவாய். குணமடைந்து சென்றால் வெறுமையான மேசை! எனவேதான் சில இடங்களிற் பல மாத வருகைகளுக்கு முன்கூட்டியே பணம் பெறும் வழக்கமும், வந்தவர் எல்லோருக்கும் எக்ஸ்கதிர்ப்படம் எடுக்கும் வழக்கமும் புகுந்தன. அபாய அறிகுறி இல்லாதவிடத்துப் புதிய நாரிநோவுக்கு முதல் ஆறு கிழமைகளுள் படம் எடுக்கவேண்டாம் என அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே 2017இல் அறிவுறுத்தியது. தன் தொழிலோர் கையைத் தானே தடுத்த அச்செயல் பாராட்டற்பாலது.

சிறிய நிலையத்துக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே முதல்நாள் தொட்ட கையே மறுநாளும் தொடும். சென்ற கிழமை எவ்வளவு குனிய முடிந்தது, இன்று எவ்வளவு முடிகின்றது என்பதை அக்கை அறியும். சில முறை செய்தும் மாற்றம் இல்லையேல் அதனை ஒப்புக்கொண்டு வேறிடம் காட்டவும், மாற்றம் உண்டேல் வீட்டிற் செய்யத்தக்க பயிற்சியைக் கற்பித்து நோயாளியைத் தன் கையினின்றும் விடுவிக்கவும் அவ்வைத்தியனால் இயலும். குணமடைந்து சென்றவன் பின்னர் அயலவன் ஒருவனை அனுப்பினும் அனுப்புவான், அனுப்பாமலும் இருப்பான். எவ்வாறாயினும், ‘இனி நீர் வரவேண்டியதில்லை’ என்று கூறி நோயாளியை வாயில்வரை வழியனுப்பும் நாளே, அந்நிலையம் எவருக்காக நடைபெறுகின்றது என்பதை அளந்து காட்டும் நாளாகும்.