எல்லாப் பிள்ளைக்கும் இடமுண்டா?
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசு வாங்கிய பிள்ளைகளை எனக்கு முன் பேசியவர்கள் பாராட்டிவிட்டார்கள். மேடைக்கு வராத பிள்ளையைப் பற்றி, பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்கும் பிள்ளையைப் பற்றி நான் கொஞ்சம் பேசுகிறேன்.

இங்கிலாந்தில் மெல் ஏன்ஸ்கோ என்று ஒரு கல்வியாளர். சிறப்புப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராக இருந்து, பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1979-இல் டேவிட் ட்வெடல் என்பவரோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார். வகுப்பில் பிள்ளை தோற்றுப்போவதைத் தடுப்பது எப்படி என்பது அதன் பொருள். பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக்கி ஒவ்வொன்றாகக் கற்பிக்கச் சொன்னார்கள். ஒன்பது வருஷம் கழித்து, 1988-இல், அதே இருவரும் இன்னொரு நூல் போட்டார்கள். இந்தத் தடவை தலைப்பிலேயே தோல்வி இல்லை; வகுப்பறை வெற்றியை ஊக்குவிப்பது என்று வைத்தார்கள். தலைப்பு மட்டுமா மாறியது? பிள்ளையிடம் என்ன குறை என்று தேடிய கண், பாடம் நடத்தும் முறையின் பக்கம் திரும்பியது. தான் எழுதியதைத் தானே மாற்றி எழுத ஒரு படித்த மனிதருக்கு மனசு வரணுமே! அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

நமக்கு இது புதிதல்ல. இப்போது செம்பனைதான் அதிகம் என்றாலும் பால்மரம் சீவிய குடும்பங்கள் நாம். பால் சரியாக இறங்கவில்லை என்றால் மரத்தையா முதலில் திட்டினோம்? கத்தியைப் பார்த்தோம், வெட்டைப் பார்த்தோம். பிள்ளை விஷயத்தில் மட்டும், "அவனுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம்.

1994-இல் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசுகளும் 25 அனைத்துலக அமைப்புகளும் கூடி, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கும் பொதுப் பள்ளியில் இடம் வேண்டும் என்று அறிவித்தன. நம் மலேசியாவில் 2019 முதல், எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கக்கூடாது என்ற கொள்கை நடப்பில் இருக்கிறது. சரி, சேர்த்தாகிவிட்டது. அப்புறம்? அவன் எந்த வகுப்பில் உட்காருவான், விளையாட்டுப் போட்டியில் ஓடுவானா, இந்த மாதிரி விழாவில் ஆடுவானா, இதையெல்லாம் தினசரி முடிவு செய்கிறவர் தலைமையாசிரியர்தான்.

அவருக்கு ஏன்ஸ்கோ சொல்வது பெரிய செலவில்லாத யோசனை. வேண்டிய அறிவு பள்ளிக்குள்ளேயே நிறைய இருக்கிறதாம். ஒரு ஆசிரியர் இன்னொருவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்கணும். அதற்கு நேர அட்டவணையில் இடம் செய்து தரணும். முதலாம் ஆண்டு டீச்சருக்குப் பிடிபட்ட வழி, நான்காம் ஆண்டு சாருக்குத் தெரியாமலே போகக்கூடாது.

பெற்றோர்களே, பிள்ளைக்கு நாலு வயசாகியும் பேச்சு சரியாக வரவில்லையா? முனியாண்டி கோயிலில் தாராளமாக நேர்ந்துகொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அரசாங்கக் கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். டாக்டர் எழுதித் தருவதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் காட்ட வேண்டியிருக்கும்; பத்திரமாக வைத்திருங்கள். "லயத்துல நாலு பேர் என்ன பேசுவாங்க" என்று யோசித்தே இரண்டு வருஷம் ஓடிவிடும். முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வரும்போது அந்தப் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்து வாருங்கள்.