அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே
(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



அஸர் தொழுதுவிட்டு நம் தெருக்களில் நடந்து பாருங்கள். பிள்ளைகளின் சத்தமே இல்லை. திண்ணைகளில் நாலைந்து பேராக உட்கார்ந்து ஒரே செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகள் பலருக்கு வாரத்துக்கே அவ்வளவு கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த நேரத்தில் சிலம்பம் கற்றுக்கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். கிரிக்கெட் போதாதா என்று சிலர் கேட்டார்கள். அதில் நன்றாக ஆடுகிற நாலு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் பந்து பொறுக்குவார்கள். சிலம்பத்தில் முப்பது பிள்ளைகள் நின்றால் முப்பது பேரும் அசைய வேண்டும். நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு போதும். ஆரம்பத்தில் கையைவிடக் காலுக்குத்தான் வேலை அதிகம். காலடி பழகாதவன் கம்பைச் சுற்றினால் தன் முழங்காலிலேயே அடித்துக்கொள்வான்.

இது நமக்குப் புதிதல்ல. கல்யாண ஊர்வலங்களிலும் கந்தூரிகளிலும் கம்பு சுற்றியதைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். (கந்தூரி பற்றிய விவாதம் வேறு, கம்பு வேறு.) அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி கொண்டு விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை, ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் காட்டினார்கள் என்று புகாரியில் வருகிறது.

"சண்டை பழகினால் பிள்ளை முரடனாகிவிட மாட்டானா?" நியாயமான கேள்வி. முகத்தில் அடிக்கக் கூடாது என்பது மார்க்கம் சொன்னது. இங்கே முதல் விதியும் அதுதான். தலைக்கவசம் இல்லாமல் ஜோடி ஆட்டம் கிடையாது. தெருவில் யார் மீதாவது கம்பை ஓங்கினால் ஒரு மாதம் வகுப்பு இல்லை. தயவுசெய்து சிபாரிசுக்கு வராதீர்கள்.

இன்னொன்று, பலர் தயங்கித் தயங்கிக் கேட்டது. மண்ணையும் ஆசானின் காலையும் தொட்டு வணங்கித் தொடங்குவது பல இடங்களில் வழக்கம். அல்லாஹ்வுக்கன்றி நம் பிள்ளைகள் குனிய மாட்டார்கள் என்பதை ஆசானிடம் முன்பே பேசினோம். அவர் மாற்று மதச் சகோதரர். கொஞ்சமும் முகம் சுளிக்காமல், கை கொடுத்துத் தொடங்கலாம் என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு நம் பிள்ளைகள் பதில் மரியாதை செய்ய வேண்டும். அவர் வந்தால் எழுந்து நிற்கட்டும், அவர் பேசும்போது வாயை மூடியிருக்கட்டும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. பள்ளிக்கூடத்திலும் உட்கார்ந்து, டியூஷனிலும் உட்கார்ந்து, வீட்டிலும் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளைகளின் உடம்பு என்னாவது? ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயமே ஓடியிருக்கிறார்கள். ஆகவே ஞாயிறு காலை, மதரஸா மாடியில், பெண் பயிற்சியாளரைக் கொண்டு தனி வகுப்பு. தாய்மார்கள் உட்கார்ந்து பார்க்கலாம். சேர்ந்து பழகினாலும் சந்தோஷம்தான்.

தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. அது கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். அதை நினைத்து இப்போதே பிள்ளையை விரட்டாதீர்கள்.

மஃரிப் பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பு வகுப்பு முடியும்; ஒளுச் செய்துவிட்டு நேராகத் தொழுகைக்கு வரலாம். கட்டணம் கட்ட முடியாதவர்கள் அலுவலகத்தில் தனியாகச் சொல்லுங்கள், பெயர் வெளியே வராது. வீசிங், வலிப்பு உள்ள பிள்ளை என்றால் மறைக்காமல் சேர்க்கிற அன்றே சொல்லிவிடுங்கள். வஸ்ஸலாம்.