பின்னால் மோதிய வண்டியும் நஷ்டஈடும்
(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

நம் முன்னோர் மாட்டு வண்டி கட்டிச் சென்ற பாதைகளில் இன்று நம்மவர் மோட்டார் வண்டி ஓட்டிச் செல்கின்றனர். வண்டிகள் பெருகிய அளவுக்கு அவற்றைப் பற்றிய சட்ட அறிவு நம்மிடையே பெருகவில்லை. ஆதலின், நம் வண்டியின் பின்புறத்தில் வேறொரு வண்டி மோதினால் செய்யத்தக்கது யாது என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

இத்தருணத்தில் நம்மிடையே இரண்டு வழக்கங்கள் உள. ஒன்று, கைகலப்பு. மற்றொன்று, இடித்தவர் நம்மவர் என்று அறிந்ததும், ஐந்நூறோ ஆயிரமோ பெற்று, அல்லது அதுவும் பெறாமல், அனுப்பிவிடுதல். முன்னதை யாவரும் கண்டிப்பர். பின்னதையும் நாம் கண்டிக்கிறோம். இக்காலத்துப் பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆயது. அது நசுங்கியும் பழைய வடிவிற்குத் திரும்பக்கூடும்; உள்ளிருக்கும் இரும்புச் சட்டம் வளைந்திருப்பது வெளியே தெரியாது. கழுத்து வலியும் மறுநாளே தோன்றுவதுண்டு. ஸ்தலத்தில் கண்ட நஷ்டமே முழு நஷ்டமாகிவிடாது.

முதலில் காயமுற்றோரைக் கவனித்தல் வேண்டும். போலீஸார் அங்கு இல்லையாயின், 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டுமென்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு டிரைவருக்கு விதிக்கிறது. பிறகு வண்டிகளைப் படம் பிடித்து, எதிர் வண்டியின் எண், லைசென்ஸ், பாலிஸி விவரங்களைக் குறித்துக்கொள்க. பழுது பார்க்குமுன் கம்பெனிக்கு அறிவித்தல் அவசியம். சர்வேயர் பாராத சேதத்தை நிரூபித்தல் கடினம்.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் நம் நாட்டில் 1946-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் கட்டாயமாயிற்று. இடித்தவர் மீது குற்றமாயின், அவருடைய கம்பெனியிடமிருந்து நஷ்டஈடு பெற டிரிபியூனலில் விண்ணப்பிக்கலாம். கெடு ஆறு மாதம். இது மெதுவான வழி. சொந்தச் சேதத்திற்கும் பாலிஸி எடுத்தவர் தம் கம்பெனியையே நாடலாம். ஆயினும் கணக்குப் பார்த்தல் நன்று. 1,500 சி.சி.க்கு மேற்படாத காரின் பிளாஸ்டிக் பம்பர் விலை 8,000 ரூபாய் என்று கொள்வோம். சாதாரணப் பாலிஸியில் தேய்மானமாகப் பாதியும், கட்டாயக் கழிவாக 1,000 ரூபாயும் போக, அதற்குக் கிடைப்பது 3,000 ரூபாயே. ஐந்து வருஷம் நஷ்டஈடு கோராதவர்க்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் உள்ள 50 சதவிகிதத் தள்ளுபடியோ, குற்றம் பிறருடையதாயினும், ஒருமுறை கோரினாலே அற்றுப்போம். ஆகவே சிறு கீறலுக்குக் கோராதிருத்தலும், பெருஞ்சேதத்திற்குத் தயங்காது கோருதலும் விவேகம்.

இடித்தவர் நம்மவராயின் அவருக்கும் ஒரு வார்த்தை. கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பணம் தருவதாக வாக்களிப்பது பாலிஸி நிபந்தனைக்கு விரோதம். பணிவாகப் பேசுக, விவரங்களை மறையாது தருக.

தம் கம்பெனி கோரிக்கையை அநியாயமாக மறுத்தால், முதலில் அதனிடமே எழுத்தில் முறையிடுக. ஒரு மாதத்திற்குள் தக்க பதில் வாராவிடின், கட்டணமின்றி இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் செல்லலாம்; சென்னையிலும் அவ்வலுவலகம் உண்டு. எழுதத் தெரியாத அங்கத்தினர்க்கு இம்மனுக்களை எழுதித் தரும் பொறுப்பை நம் வாலிபர்கள் ஏற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

சகோதரர்களே! தாட்சண்ணியத்தால் நம்மவரிடம் நஷ்டத்தை விழுங்குவதும், கோபத்தால் பிறரிடம் அதிகம் பறிப்பதும் ஒருங்கே அநீதியாம். இனி வீதியில் இடித்தவரை எக்குலத்தவர் என்று வினவாது, எக்கம்பெனியில் இன்ஷூர் செய்தவர் என்று வினவுவோமாக.